ஒரு டிரெய்லர், ஒரு போல்டர்

கம்ப்யூட்டர் வாங்கியாகி விட்டது. படம் பார்த்தாகி விட்டது, பாட்டுக் கேட்டாகி விட்டது, வெளியூரில் இருக்கும் உறவினர்களுடன் முகம் பார்த்துப் பேசியாகி விட்டது. "இனி இதை வைத்து வேறு என்ன செய்வது?" என்பது புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் கேட்கும் கேள்வி.

வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளை நீங்களே பராமரிக்கத் தொடங்குங்கள். அதற்குக் கம்ப்யூட்டரைத் துணைக்கு வைத்துக் கொள்ளுங்கள். இதுதான் என் பதில். ஸ்கூட்டராக இருக்கலாம், இன்வெர்ட்டராக இருக்கலாம், தண்ணீர் மோட்டாராக இருக்கலாம். என் விஷயத்தில் அது ஒரு டிராவல் டிரெய்லர். நான் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் வேலை பார்க்கிறேன். 2022ஆம் ஆண்டு பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கி, அதன் வேலைகளை நானே செய்து வருகிறேன். கம்ப்யூட்டர் எனக்கு எங்கே கை கொடுத்தது, எங்கே நான் அதைச் சரியாகப் பயன்படுத்தாமல் ஓர் இரவு முழுவதும் குளிரில் தவித்தேன் என்பதைச் சொல்கிறேன். உங்களுக்குப் பயன்படும்.

டிராவல் டிரெய்லர் என்றால் என்ன?

சக்கரம் வைத்த சிறு வீடு என்று சொல்லலாம். அதற்கு என்ஜின் கிடையாது. பிக்கப் டிரக் அல்லது பெரிய காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்ல வேண்டும். உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, பிரிட்ஜ், குளியலறை, தண்ணீர்த் தொட்டி, அறையைச் சூடாக்கும் பர்னஸ் எல்லாம் இருக்கும். என்னுடையது 22 அடி நீளம், 2012ஆம் ஆண்டு மாடல்.

இதில் இரண்டு வகை மின்சாரம் உண்டு. ஏ.சி., மைக்ரோவேவ் போன்றவை 120 வோல்ட் ஏ.சி. மின்சாரத்தில் ஓடும். முகாமில் மின் இணைப்பு இருந்தால் 30 ஆம்பியர் ஒயரை மாட்டிக் கொள்ளலாம். விளக்கு, தண்ணீர் பம்ப், பர்னஸின் மின்விசிறி, கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி ஆகியவை 12 வோல்ட் டி.சி.யில் ஓடும். இதற்கு பேட்டரி இருக்கிறது. 120 வோல்ட் ஏ.சி.யை 12 வோல்ட் டி.சி.யாக மாற்றி, பேட்டரியையும் சார்ஜ் செய்யும் பெட்டிக்குக் கன்வெர்ட்டர் என்று பெயர்.

உங்கள் கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள் எஸ்.எம்.பி.எஸ். என்று ஒரு பெட்டி இருக்கிறதல்லவா? சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி 12 வோல்ட், 5 வோல்ட் டி.சி.யாக மாற்றித் தருகிறதே, அதே வேலைதான் கன்வெர்ட்டரும் செய்கிறது. இந்த ஒற்றுமைதான் என்னைக் கவிழ்த்தது.

கறுப்பு ஒயர் செய்த வேலை

2023 டிசம்பரில் பழைய லெட்-ஆசிட் பேட்டரியை எடுத்து விட்டு 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி போட்டேன். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு 14.2 முதல் 14.6 வோல்ட் வரை சார்ஜ் தேவை. என் பழைய கன்வெர்ட்டர் 13.6 வோல்ட்தான் தந்தது. எனவே லித்தியத்துக்கு ஏற்ற கன்வெர்ட்டரையும் மாற்றினேன். அதுவரை எல்லாம் சரி.

பேட்டரிக்கு இரண்டு ஒயர்கள் வருகின்றன. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறந்து பார்த்திருந்தால் உங்களுக்கும் தெரியும். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மஞ்சள் ஒயர் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். காரிலும் கறுப்பு ஒயர் மைனஸ்தான். கல்லூரி நாளிலிருந்து பழகிய விஷயம். யோசிக்காமல் கறுப்பை மைனஸில் மாட்டினேன். வெள்ளையைப் பிளஸில் வைத்ததும் "பட்" என்று ஒரு தீப்பொறி!

டிராவல் டிரெய்லர்களில் பெரும்பாலும் வெள்ளை ஒயர்தான் மைனஸ், கறுப்பு பிளஸ். வீட்டு ஏ.சி. ஒயரிங்கில் கறுப்பில் மின்சாரம் வரும், வெள்ளை நியூட்ரல் என்பது அமெரிக்க வழக்கம். அந்த வழக்கமே டிரெய்லரின் 12 வோல்ட் ஒயரிங்குக்கும் வந்து விட்டது.

தவறு புரிந்து உடனே மாற்றி மாட்டினேன். வீட்டின் மின்சாரத்தில் டிரெய்லரை இணைத்துப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. பம்ப் ஓடியது. பர்னஸ் ஓடியது. "நல்ல வேளை, தப்பித்தோம்" என்று நினைத்துக் கொண்டேன்.

மின்சாரம் இல்லாத இரவு

அடுத்த வாரம் அப்பா, அம்மாவுடன் குவாடலூப் மலைத் தேசியப் பூங்காவுக்குக் கிளம்பினோம். அவர்கள் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். டெக்ஸாஸின் மிக உயரமான சிகரம் இங்கேதான் இருக்கிறது. 8,751 அடி. முதல் நாள் இரவு வழியில் மின் இணைப்புள்ள இடத்தில் தங்கினோம். ஒரு குறையும் இல்லை.

இரண்டாம் நாள் மாலை பைன் ஸ்பிரிங்ஸ் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். சுமார் 5,800 அடி உயரத்தில் இருக்கிறது. இங்கே மின் இணைப்பு கிடையாது. பேட்டரிதான் கதி. டிரெய்லரை நிறுத்தி விட்டு உள்ளே போய் சுவிட்சைப் போட்டேன். எரியவில்லை. பம்ப் ஓடவில்லை. பர்னஸ் கேஸில் எரிந்தாலும் அதன் மின்விசிறிக்கும் கட்டுப்பாட்டுக்கும் 12 வோல்ட் வேண்டும். அதுவும் இல்லை.

பேட்டரியில் மல்ட்டிமீட்டரை வைத்தேன். 13.2 வோல்ட். பேட்டரி நன்றாக இருக்கிறது. டிரெய்லரின் முன்பக்கத்தைத் தூக்கி இறக்கும் மின்சார ஜாக்கி கூட ஓடுகிறது. உள்ளே மட்டும் இருட்டு. டார்ச் வெளிச்சத்தில் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். ஒன்றும் போகவில்லை.

கன்வெர்ட்டரின் கையேடு பி.டி.எப். பைலாக என் லேப்டாப்பில் இருந்தது. திறந்தேன். அதாவது, திறக்கப் பார்த்தேன். பைலின் பெயர் போல்டரில் தெரிகிறது. பக்கத்தில் மேகம் போல ஒரு சிறு படம். டபுள் கிளிக் செய்தால் இன்டர்நெட் இணைப்பு இல்லை என்று செய்தி வருகிறது. பைல் என் ஹார்ட் டிஸ்க்கில் இல்லை. பெயர் மட்டும்தான் இங்கே இருந்தது. பைல் இருந்ததோ நெட்டில். அந்த மலையில் என் போனுக்கு சிக்னல் கிடைக்கவில்லை.

சாப்ட்வேர் என்ஜினியர் என்று சொல்லிக் கொள்ளவே வெட்கமாக இருந்தது.

வெளியே மைனஸ் 2 டிகிரி செல்சியஸ். காற்று வேறு. அம்மாவுக்குக் கை விரல்கள் மரத்து விட்டன. "அந்தக் கேஸ் அடுப்பைக் கொஞ்ச நேரம் எரிய விடு கண்ணு, உள்ள சூடு வந்துரும்" என்றார்.

அடுப்புக்கு மின்சாரம் தேவையில்லை. தீக்குச்சி இருந்தால் போதும், எரிந்து விடும். ஆனால் மூடிய சிறு இடத்தில் அடுப்பை எரிய விட்டால் ஆக்சிஜன் குறையும், கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய் விடலாம். சத்தம் போட்டு எழுப்ப வேண்டிய கருவியும் 12 வோல்ட்டில்தான் ஓடுகிறது. அன்று அதுவும் ஊமையாகி விட்டிருந்தது.

"வேண்டாம்மா" என்று சொல்லி விட்டேன். இருந்த போர்வை எல்லாவற்றையும் எடுத்து, மூன்று பேரும் ஒரே கட்டிலில் நெருக்கி உட்கார்ந்தோம். அம்மா என் மேல் கோபமாக இருந்தார் என்று நினைக்கிறேன். அப்பா கோவையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவர். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"ஏம்ப்பா, பழைய பேட்டரியைக் கழட்டறதுக்கு முன்னால போட்டோ புடிச்சியா?"

"இல்லப்பா."

"நாங்க மோட்டார் பிரிக்கறதுக்கு முன்னால எந்த ஒயர் எங்க போகுதுன்னு நோட்டுல வரைஞ்சு வெப்போம். உங்கிட்ட கேமரா இருக்குது."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

காலையில் கிடைத்த விடை

விடிந்ததும் வெளிச்சத்தில் பியூஸ் பெட்டியை மறுபடி பார்த்தேன். வரிசையாக இருக்கும் பியூஸ்களுக்குச் சற்றுத் தள்ளி, இரண்டு பியூஸ்கள் தனியாக இருந்தன. பக்கத்தில் பொடி எழுத்தில், பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் காப்பதற்கான பியூஸ்கள் என்று அச்சிட்டிருந்தது. இரண்டும் எரிந்து போயிருந்தன.

இப்போது எல்லாம் புரிந்தது. அன்று வந்த தீப்பொறி இவற்றை எரித்திருக்கிறது. கன்வெர்ட்டரையும் மற்ற கருவிகளையும் காப்பாற்றியதும் இவைதான். பேட்டரிக்கும் உள் ஒயரிங்குக்கும் நடுவில் இருப்பதால் பேட்டரி துண்டிக்கப்பட்டு விட்டது. ஆனால் வெளி மின்சாரம் இருக்கும்போது கன்வெர்ட்டர் நேராக உள் ஒயரிங்குக்கு 12 வோல்ட் கொடுக்கும். அதனால்தான் வீட்டிலும் வழியிலும் எல்லாம் எரிந்தது. ஜாக்கி நேரடியாகப் பேட்டரியில் இணைந்திருப்பதால் அது மட்டும் ஓடியது.

அவை 40 ஆம்பியர் பியூஸ்கள். என்னிடம் இருந்தவை 20 ஆம்பியர். பியூஸ் விஷயத்தில் ஒரு விதி உண்டு. சிறியதைத் தற்காலிகமாகப் போடலாம், அதிகம் போனால் அது எரிந்து விடும், அவ்வளவுதான். பெரியதை மட்டும் போடவே கூடாது. பியூஸுக்குப் பதில் ஒயர் எரியும். இரண்டு 20 ஆம்பியர் பியூஸ்களைச் செருகினேன். பர்னஸ் உறுமிக் கொண்டு ஓடத் தொடங்கியது. பிறகு சுமார் 55 மைல் தொலைவில் இருக்கும் கார்ல்ஸ்பாட் நகரத்துக்குப் போய், மறுபடி வெளி மின்சாரத்தில் இணைக்கும் முன்பே சரியான பியூஸ்களை வாங்கி மாட்டினேன்.

தேவைப்பட்ட பியூஸ் இரவு முழுவதும் என் டப்பாவிலேயே இருந்தது. எங்கே மாட்டுவது என்ற விவரம்தான் நெட்டில் மாட்டிக் கொண்டிருந்தது. ஊர் திரும்பியதும் டெஸ்க்டாப்பில் "டிரெய்லர்" என்று ஒரு போல்டர் உருவாக்கினேன். அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

1. கையேடுகள்

பிரிட்ஜ், பர்னஸ், கன்வெர்ட்டர், வாட்டர் ஹீட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளர்கள் பி.டி.எப். கையேடு தருகிறார்கள். எல்லாவற்றையும் டவுன்லோட் செய்து ஒரே இடத்தில் வையுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் ஆன்லைன் சேமிப்பு வசதி இயங்கிக் கொண்டிருந்தால், பைலின் பக்கத்தில் மேகச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த பைல் உங்களிடம் இல்லை என்று பொருள். போல்டரின் மீது ரைட் கிளிக் செய்யுங்கள். "ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்" என்ற வரி கிடைத்தால் அதைக் கிளிக் செய்யுங்கள். பச்சை டிக் வந்து விட்டால் பைல் ஹார்ட் டிஸ்க்குக்கு வந்து விட்டது.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. நெட் இணைப்பைத் துண்டித்து விட்டுப் பைலைத் திறந்து பாருங்கள். திறந்தால் சரி. ஒரு பென் டிரைவிலும் நகல் எடுத்து வையுங்கள்.

2. போட்டோக்கள்

எதைக் கழற்றும் முன்பும் ஒரு போட்டோ. மாட்டிய பின் ஒரு போட்டோ. கேமரா தரும் பெயரை அப்படியே விடாதீர்கள். பைலைத் தேர்வு செய்து எப்2 விசையை அழுத்தினால் பெயரை மாற்றலாம். ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் தொடங்குங்கள். "2024-01-06-பேட்டரி-முன்", "2024-01-06-பேட்டரி-பின்" என்பது போல. இப்படி வைத்தால் பெயர் வரிசையே தேதி வரிசையாகி விடும். தமிழிலும் பெயர் வைக்கலாம், தடை இல்லை.

டிரெய்லரின் பெரிய எதிரி தண்ணீர். என் டிரெய்லரின் கூரை மேல் ரப்பர் விரிப்பு ஒட்டியிருக்கிறது. காற்றுத் துளைகளைச் சுற்றிப் பூசிய பசை வெயிலில் வெடித்தால் மழைநீர் உள்ளே இறங்கும். அடியில் இருக்கும் பிளைவுட் ஊறி அழுகிய பிறகுதான் நமக்குத் தெரியும். நான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூரையில் அதே இடங்களை, அதே கோணத்தில் போட்டோ எடுக்கிறேன். பழைய படத்தையும் புதிய படத்தையும் மானிட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். நேரில் பார்க்கும்போது தெரியாத மயிரிழை வெடிப்பு பெரிதாக்கிப் பார்த்தால் தெரிகிறது. பூசும்போது ரப்பர் கூரைக்கென்றே உள்ள பசையைப் பயன்படுத்த வேண்டும். சாதாரண சிலிக்கான் அதில் சரியாக ஒட்டாது. அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது.

3. மின்சாரக் கணக்கு

எக்செல் இருந்தால் எக்செல், இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். முதல் வரிசையில் பொருள், எண்ணிக்கை, ஆம்பியர், மணி நேரம், மொத்தம் என்று தலைப்புகளை டைப் செய்யுங்கள். மொத்தம் என்பதன் கீழே உள்ள செல்லில் =பி2*சி2*டி2 என்று கொடுங்கள். எழுத்துகளை மட்டும் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். என்டர் அழுத்தியதும் விடை வரும். அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் இருக்கும் சிறு புள்ளியை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிசைக்கும் கணக்கு வந்து விடும்.

குளிர்கால நாள் ஒன்றுக்கு என் பழைய கணக்கு இது:

பர்னஸ் மின்விசிறி: 1 × 7 ஆம்பியர் × 4 மணி = 28
பழைய பல்புகள்: 8 × 1.4 × 3 = 33.6
தண்ணீர் பம்ப்: 1 × 5 × 0.5 = 2.5
கேஸ் எச்சரிக்கைக் கருவி: 1 × 0.1 × 24 = 2.4
பிரிட்ஜ் கட்டுப்பாட்டு போர்டு: 1 × 0.5 × 24 = 12
லேப்டாப், போன் சார்ஜ்: 1 × 4 × 3 = 12

மொத்தம் 90.5 ஆம்பியர்-மணி. பழைய லெட்-ஆசிட் பேட்டரி 80 ஆம்பியர்-மணி. அதில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் 40தான் பயன்படும். அரை நாள் கூடத் தாங்காது!

இங்கே எக்செல்லின் அருமையைப் பாருங்கள். பெரிய செலவு எது என்று ஒரு பார்வையில் தெரிகிறது. பர்னஸ் இல்லை, பல்புகள். 1.4 என்பதை அழித்து விட்டு எல்.இ.டி. பல்பின் 0.2 ஆம்பியரைப் போட்டேன். 33.6 என்பது 4.8 ஆனது. மொத்தம் 61.7க்கு இறங்கியது. 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் 90 வரை எடுக்கலாம். ஆக, ஒரு நாள் தாராளமாகத் தாங்கும். பணம் செலவழிக்கும் முன்பே இதைத் திரையில் பார்த்து விடலாம்.

இந்த 61.7ஐத் திரும்ப நிரப்ப 200 வாட் சோலார் பேனல் வைத்திருக்கிறேன். ஐந்து மணி நேரம் நல்ல வெயில் கிடைத்து, இழப்புகள் போக முக்கால் பங்கு வந்தால் 750 வாட்-மணி. சுமார் 57 ஆம்பியர்-மணி. கிட்டத்தட்ட சரியாகி விடுகிறது. ஒரு எச்சரிக்கை: லித்தியம் பேட்டரியை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. குளிரில் தானே சார்ஜை நிறுத்தும் வசதி உள்ள பேட்டரியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஒயரின் தடிமனையும் இதே ஷீட்டில் பார்த்து விடலாம். 10 கேஜ் செம்பு ஒயருக்கு 1,000 அடிக்கு 1 ஓம் தடை. 14 கேஜ் மெல்லிய ஒயருக்கு 2.5 ஓம். சோலார் கன்ட்ரோலரிலிருந்து பேட்டரி 20 அடி தூரம் என்றால் போக வர 40 அடி. 15 ஆம்பியர் போகும்போது 10 கேஜ் ஒயரில் 0.6 வோல்ட் குறையும். 14 கேஜில் 1.5 வோல்ட் குறையும். 14.4 வோல்ட் கிளம்பினால் பேட்டரிக்கு 12.9தான் போய்ச் சேரும். பேட்டரி மெதுவாகத்தான் நிரம்பும். நாம் பேட்டரியைக் குறை சொல்வோம். கன்ட்ரோலரைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைப்பதுதான் நல்லது.

4. எடைக் கணக்கு

இது உயிர் காக்கும் கணக்கு. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை, இழுக்கும் வண்டியின் கொக்கி மேல் அமர வேண்டும். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு போல ஆடத் தொடங்கும். ஆட்டம் அதிகமானால் இழுக்கும் வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்து விடும்.

லாரிகள் டீசல் போடும் இடங்களில் எடை மேடை இருக்கிறது. முதலில் டிரெய்லரோடு எடை போட்டேன். டிரக்கின் சக்கரங்கள் 5,860 பவுண்ட், டிரெய்லரின் சக்கரங்கள் 4,340 பவுண்ட். பிறகு டிரெய்லரைக் கழற்றி விட்டு டிரக்கை மட்டும் போட்டேன். 5,400 பவுண்ட். வித்தியாசம் 460. இதுதான் கொக்கியின் மேல் இருக்கும் எடை. டிரெய்லரின் முழு எடை 4,340உம் 460உம் சேர்ந்து 4,800. சதவீதம் 9.6. போதாது!

காரணம், பின்பக்க அலமாரியில் நான் அடுக்கியிருந்த கருவிப் பெட்டிகள். அவற்றை முன்பக்கத்துக்கு மாற்றி மறுபடி எடை போட்டேன். கொக்கியின் மேல் 580. அதாவது 12 சதவீதம். ஒரு ரூபாய் செலவில்லாத அப்கிரேடு இது. ஒவ்வொரு முறை எதையாவது புதிதாகச் சேர்க்கும்போதும் இந்த ஷீட்டைத் திறந்து பார்க்கிறேன்.

5. பராமரிப்பு நாள்காட்டி

நான்கு பத்திகள் போதும். வேலை, கடைசியாகச் செய்த தேதி, எத்தனை நாளுக்கு ஒரு முறை, அடுத்த தேதி. அடுத்த தேதிக்கு =பி2+சி2 என்று கொடுத்தால் எக்செல்லே தேதியைக் கணக்கிட்டு விடும். விடை தேதியாக இல்லாமல் ஐந்து இலக்க எண்ணாக வந்தால் பயப்பட வேண்டாம். அந்தச் செல்லின் வடிவத்தை "டேட்" என்று மாற்றினால் சரியாகி விடும்.

தேதி தாண்டிய வேலை சிவப்பாகத் தெரிய வேண்டுமா? அடுத்த தேதி உள்ள செல்களைத் தேர்வு செய்யுங்கள். ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மேட்டிங், அதில் ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், அதில் லெஸ் தேன் என்று போங்கள். வரும் கட்டத்தில் =டுடே() என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்து ஓ.கே. கொடுங்கள்.

என் பட்டியலில் இருப்பவை: கூரைச் சோதனை 90 நாள். சக்கர பேரிங்கைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைப்பது 365 நாள் அல்லது 12,000 மைல், எது முதலில் வருகிறதோ அது. கேஸ் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது 180 நாள். டயர் காற்று ஒவ்வொரு பயணத்துக்கும் முன். எச்சரிக்கைக் கருவிக்கும் ஆயுள் உண்டு. அதன் பின்புறம் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியை அப்படியே ஷீட்டில் போட்டு விட்டேன்.

டயரின் வயதும் இதில் உண்டு. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. நான் வாங்கியபோது டயர்களில் 1815 என்றிருந்தது. 2015ஆம் ஆண்டின் 18ஆவது வாரம் தயாரித்தது. பட்டன் தேயாமல் புதிது போல இருந்தது. ஆனால் ஏழு வயது. பக்கச் சுவரில் நுண்ணிய வெடிப்புகள். டிரெய்லர் டயர்கள் ஓடித் தேய்வதை விட நின்றே கெட்டுப் போகின்றன. நான்கையும் மாற்றினேன். இதே எண் உங்கள் ஸ்கூட்டர் டயரிலும் இருக்கிறது. இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

நாமே செய்யக் கூடாதவை

எல்லாவற்றையும் நாமே செய்து விடலாம் என்று நினைக்க வேண்டாம். கேஸ் குழாயை வெட்டி இணைப்பது, 120 வோல்ட் ஒயரிங்கை மாற்றுவது ஆகியவற்றுக்கு நான் ஆள் வைத்துக் கொள்கிறேன். 12 வோல்ட் வேலையிலும் முதலில் வெளி மின்சாரத்தைப் பிடுங்க வேண்டும், பிறகு பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்ற வேண்டும். ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள். மல்ட்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் வெளி மின்சாரம் இல்லாமல், பேட்டரியில் மட்டும் எல்லாம் ஓடுகிறதா என்று ஒரு முறை சோதியுங்கள். இந்த ஐந்து நிமிடச் சோதனையை அன்று செய்திருந்தால் அம்மா குளிரில் நடுங்கியிருக்க மாட்டார்.

உங்கள் வீட்டில்

டிரெய்லர் உங்களிடம் இருக்காது. இன்வெர்ட்டர் இருக்கலாம். அதே கணக்குதான். 75 வாட் மின்விசிறி இரண்டு, 9 வாட் எல்.இ.டி. நான்கு என்றால் 186 வாட். 12ஆல் வகுத்தால் 15.5 ஆம்பியர். இன்வெர்ட்டரில் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் சுமார் 19. பேட்டரி 150 ஆம்பியர்-மணி, அதில் பாதி 75. ஆக, மின்தடை வந்தால் நான்கு மணி நேரம் கவலையில்லை. இன்னொரு மின்விசிறி சேர்த்தால் என்ன ஆகும்? எண்ணிக்கையை 3 ஆக்கி என்டரைத் தட்டிப் பாருங்கள்.

ஊர் திரும்பிய பிறகு அப்பாவும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். போன மாதம் ஒரு பைல் அனுப்பியிருந்தார். எழுத்து பெரிதும் சிறிதுமாக இருந்தது. தேதி ஓரிடத்தில் ஐந்து இலக்க எண்ணாக நின்றது. முதல் வரி: "இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய நாள்." பக்கத்தில் ஒரு போட்டோ. கழற்றும் முன் எடுத்தது.